புதிதாகப் பூட்டிய கணினி அடிக்கடி ஹேங் ஆகிறதா? பழுதை வரிசையாகத் தேடும் வழி

யாங்கோனில், தாம்வேயில் உள்ள எங்கள் குடியிருப்பில், யாராவது உதிரிபாகங்கள் வாங்கித் தாங்களே கணினி பூட்டினால், ஒரு வாரத்திற்குள் என் கதவு தட்டப்படும். "மாமா, விண்டோஸை மூன்று முறை புதிதாகப் போட்டுவிட்டேன். இன்னும் நடுவில் நின்றுவிடுகிறது" என்பதுதான் வழக்கமான முதல் வாக்கியம்.

தவறு தொடங்குவதே அங்குதான். ராமில் (கணினியின் தற்காலிக நினைவகத்தில்) பிழை இருக்கும் கணினியில் விண்டோஸை நிறுவினால், கோப்புகள் பதியும்போதே கெட்டுப் பதியக்கூடும். பிறகு ராமை மாற்றினாலும் கணினி நிற்கும். "ராமையும் மாற்றிப் பார்த்தாயிற்று, அதில் குற்றமில்லை" என்று நல்ல மருந்தைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு பாகம் வாங்க ஓடுவீர்கள். ஆகவே வரிசை இதுதான்: மின்சாரம், இணைப்புகள், பயாஸ் (மதர்போர்டிலேயே உள்ள தொடக்க மென்பொருள்), ராம், சூடு, டிஸ்க். விண்டோஸின் முறை அதற்குப் பிறகுதான் வரும்.

1. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் ஒன்று, எட்டு ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட யூஎஸ்பி டிரைவ் இரண்டு, மல்டிமீட்டர், ஒரு நோட்டுப் புத்தகம். யூஎஸ்பி டிரைவ்களைத் தயார் செய்ய, ஒழுங்காக ஓடும் வேறொரு கணினியை இரவல் வாங்குங்கள். நின்று நின்று ஓடும் கணினியிலேயே அவற்றை எழுதினால், அவையும் பிழையோடு உருவாகலாம்.

ஒரு டிரைவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86, மற்றொன்றில் யூஎஸ்பியிலிருந்தே ஓடும் உபுண்டு என்ற இயங்குதளம். இரண்டும் இலவசம்.

முக்கியமான கோப்புகளை இப்போதே வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். பழுது டிஸ்க்கில் இருந்தால், சோதனையே அதன் கடைசி வேலையாகிவிடும்.

இன்னொன்று, உங்கள் பகுதிக்கு மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறது, எப்போது போகிறது என்ற முறை. கீழே வரும் சில சோதனைகள் மணிக்கணக்கில் இடைவிடாமல் ஓட வேண்டியவை.

2. எப்படி நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள்

"ஹேங் ஆகிறது" என்ற ஒரே சொல்லால் நான்கு வெவ்வேறு நோய்களைச் சொல்கிறோம். பிரித்துப் பார்த்தால் பாதி வேலை குறையும்.

திரை அப்படியே நிற்கும்போது விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் இயங்குதளம் இன்னும் உயிரோடு இருக்கிறது; கோளாறு பெரும்பாலும் கிராபிக்ஸ் பக்கமோ ஏதோ ஒரு மென்பொருளிலோ இருக்கும். அப்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், விண்டோஸ் விசைகளோடு பி-யையும் (B) சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பி வந்தால் சந்தேகத்தை அங்கே வையுங்கள்.

மவுஸ் அம்பு நகர்கிறது, ஆனால் எதைத் திறந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். விளக்கும் மாறவில்லை, ஒலி ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டு நிற்கிறது என்றால் ராம், சிபியு, மதர்போர்டு, மின்சாரம் ஆகிய நான்கில் ஒன்று. நிற்காமல் பட்டென்று அணைந்தே போனால் அது வேறு கதை. பவர் சப்ளையையோ சிபியு கூலரையோ முதலில் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் நோட்டுப் புத்தகத்தில் நான்கு செய்திகளை எழுதுங்கள்: மணி, அப்போது செய்துகொண்டிருந்த வேலை, எப்படி நின்றது, அதற்கு முன் நீங்கள் கடைசியாக மாற்றியது எது. பையன்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இந்த நோட்டு பிடித்துக்கொடுத்த பழுது ஒன்றை நான்காம் பகுதியில் சொல்கிறேன்.

3. விண்டோஸ் எழுதிவைத்திருப்பதைப் படியுங்கள், ஆனால் முழுவதும் நம்ப வேண்டாம்

ரிலையபிலிட்டி மானிட்டரைத் திறந்தால் எந்த நாளில் என்ன விழுந்தது என்று நாள்காட்டி போலக் காட்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைப் பார்த்தவுடன் "பவர் சப்ளை போய்விட்டது" என்று முடிவு கட்டுகிறார்கள். அந்தப் பதிவுக்கு, கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர வேறு பொருளில்லை. ஹேங் ஆனபின் நீங்கள் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதுவே பதிவாகும்.

தேட வேண்டியவை வேறு. வியா-லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் பிழைகள் இருந்தால் வன்பொருள் தானே புகார் கொடுத்திருக்கிறது. டிஸ்க் தொடர்பாக 129 அல்லது 153 என்ற எண்கள் திரும்பத் திரும்ப வந்தால், டிஸ்க் உரிய நேரத்தில் பதில் சொல்லவில்லை. எண்ணையும் மணியையும் நோட்டில் குறித்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.

4. சுவரிலிருந்து வரும் மின்சாரம்

இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ எழுதப்படும் வழிகாட்டிகள் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடும். நம் ஊரில் தாண்ட முடியாது.

பசுண்டவுங்கில் ஒரு வீடு. புதிதாகப் பூட்டிய கணினி, மாலைகளில் மட்டும் நிற்கிறது. பையன் ஏற்கெனவே ராமை மாற்றிவிட்டான். அவன் நோட்டைப் பார்த்தேன். நின்ற மணிகள் எல்லாம் மின்சாரம் திரும்பி வந்த சிறிது நேரத்திற்குள்ளாகவே இருந்தன. மறுநாள் மல்டிமீட்டரைப் பக்கத்து பிளக்கில் செருகிவிட்டுக் காத்திருந்தேன். தெருவில் பிள்ளைகள் "மீ லாப்பி!" (மின்சாரம் வந்துவிட்டது!) என்று கத்தினார்கள். மீட்டர் 228 காட்டியது. ஐந்து நிமிடம் சரியாகப் போயிற்று. அதற்குள் கீழ்த்தளத்தில் ஒருவர் தண்ணீர் மோட்டாரைப் போட்டார், அடுத்து மாடிக்காரர், அடுத்து எதிர்வீடு. 228 என்றிருந்தது 205 ஆகி, 190 ஆகி, 171-இல் நின்றது. மேசைக்குக் கீழே இருந்த வோல்டேஜ் ரெகுலேட்டர் டக், டக் என்று இரண்டு முறை அடித்தது. திரையில் மவுஸ் அம்பு பாதி வழியில் நின்றுபோனது.

பவர் சப்ளையின் பக்கவாட்டுச் சீட்டைப் படித்தேன். உள்ளீடு 200–240 வோல்ட் என்று இருந்தது. 100–240 என்று குறித்தவையும் கடையில் கிடைக்கும். விலை கொஞ்சம் கூடுதல். வாட் எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த வரியைப் பார்ப்பதே இல்லை. அவனுக்கு அதை மாற்றிக்கொடுத்த பிறகு மாலைகள் அமைதியாகிவிட்டன. பழைய ராம் பாவம், சும்மா பழி சுமந்தது.

ஆகவே செய்ய வேண்டியது: கணினி நிற்கும் நேரத்தை ஒட்டிச் சுவர் வோல்டேஜை அளந்து பாருங்கள். ரிலே வைத்த ரெகுலேட்டர் படி மாறும் கணத்தில் மின்சாரம் நொடியின் சிறு பகுதிக்குத் துண்டிக்கப்படும். நல்ல பவர் சப்ளை அதைத் தாங்கும், மலிவானது தாங்காது. மின்சாரம் வந்தவுடன் கணினியைப் போடாமல் பத்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். செலவில்லாத வைத்தியம் இது.

இன்வெர்ட்டரிலோ யூபிஎஸ்ஸிலோ ஓட்டுகிறீர்கள் என்றால், அது தூய சைன் அலை தருகிறதா என்று பாருங்கள். படிக்கட்டு வடிவில் அலை தரும் மலிவுக் கருவிகளோடு, ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள சில பவர் சப்ளைகள் ஒத்துப்போவதில்லை. பேட்டரிக்கு மாறும் கணத்தில் கணினி விழுந்துவிடும்.

எர்த் விஷயமும் இங்கேயே. நகரின் பழைய கட்டடங்கள் பலவற்றில் எர்த் கம்பி கிடையாது. எல்லா வகைப் பிளக்கையும் ஏற்கும் நீட்டிப்புப் பெட்டிகள் சிலவற்றில் எர்த் துளை இருக்கும், அதன் பின்னால் கம்பி இருக்காது. கேஸின் உலோகத்தைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருந்தால் இதுதான் காரணம்: பவர் சப்ளையின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் கசியவிடும் மின்சாரத்திற்கு இறங்க வழியில்லை. ஹேங்கிற்கு இது நேரடிக் காரணம் ஆகாமல் போகலாம், ஆனால் டிவியையோ ஸ்பீக்கரையோ இணைக்கும்போது போர்ட்டுகளைச் சுடும். மின்பணியாளரை அழைத்துச் சரிசெய்யுங்கள்.

5. பெட்டியைத் திறந்து இணைப்புகளைச் சரிபார்த்தல்

முதலில் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிறகு கணினியின் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடியும். பவர் சப்ளையை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

மதர்போர்டுக்குப் போகும் 24 முள் கேபிளையும் சிபியுவின் 8 முள் கேபிளையும் ஒருமுறை கழற்றி மறுபடி செருகுங்கள். கொக்கி "கிளிக்" என்று விழ வேண்டும். பார்வைக்குச் செருகியது போலவே இருந்து, ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்பதுதான் நான் அதிகம் கண்ட பிழை. கிராபிக்ஸ் கார்டையும் ராமையும் அதே போலக் கழற்றிச் செருகுங்கள்.

கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள பவர் சப்ளை என்றால் ஓர் எச்சரிக்கை: பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். மதர்போர்டு முனை எல்லா நிறுவனத்திலும் ஒன்றுதான். பவர் சப்ளை முனையில் முட்களின் வரிசை நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். அழகாகப் பொருந்தும், பிறகு டிஸ்க்கைக் கருக்கும்.

மதர்போர்டின் கீழே தேவையில்லாத இடத்தில் ஸ்டாண்டாஃப் திருகு (போர்டைத் தாங்கி நிறுத்தும் திருகு) ஏதேனும் இருக்கிறதா என்றும் பாருங்கள். போர்டின் பின்புறத்தைத் தொட்டு அவ்வப்போது ஷார்ட் செய்யும். பெட்டியை அசைக்கும்போது நிற்கும் கணினிகளில் இதைக் கண்டிருக்கிறேன். ஐயம் தீராவிட்டால் மதர்போர்டைக் கழற்றி, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, சிபியு, கூலர், ஒரு ராம், பவர் சப்ளை மட்டும் இணைத்து ஓட்டுங்கள்.

6. பயாஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருதல்

பயாஸில் நுழைந்து ஆரம்ப அமைப்புகளை ஏற்றிச் சேமியுங்கள். இதன் நோக்கம் ராமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை அணைப்பதுதான். ராம் பெட்டியில் 6000 என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும், அந்த வேகம் ஓவர்கிளாக்கிங் (வழக்கமான வேகத்திற்கு மேல் ஓட்டுதல்) வகையைச் சேர்ந்தது. ராம் தாங்கும், சிபியுவுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் தாங்குமா என்பது தனிக் கேள்வி. அதை அணைத்தால் டிடிஆர்5 வகை ராம் பெரும்பாலும் 4800-இல் ஓடும். இரண்டு நாள் இப்படியே ஓட்டி, ஹேங் நின்றுவிட்டால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். 5600 போன்ற நடுவேகத்தில் வைத்துப் பாருங்கள்.

நான்கு ராம் போட்டவர்களுக்கு இன்னும் கடுமை. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசை சிபியுக்களுக்கு இரண்டு ராமோடு 5200, நான்கோடு 3600 என்பதே நிறுவனம் அறிவித்த வேகம். "பிறகு வசதி வந்தால் இன்னும் இரண்டு போட்டுக்கொள்ளலாம்" என்பது டிடிஆர்5-இல் நல்ல திட்டம் அல்ல. தொடக்கத்திலேயே பெரிய ராம் இரண்டு வாங்குங்கள்.

டிடிஆர்5 கணினி முதன்முறையாகவோ பயாஸ் மாற்றத்திற்குப் பின்போ தொடங்கும்போது, சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பலர் இதையும் ஹேங் என்று நினைத்து அணைத்து, அணைத்துப் போடுகிறார்கள். ஒரு தேநீர் குடிக்கும் நேரம் விட்டுவிடுங்கள்.

பயாஸின் புதிய பதிப்பு பல நிலையின்மைகளைத் தீர்க்கும். இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். ரைசன் கணினிகளில் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்புக் கூறு காரணமாக அவ்வப்போது திக்கி நிற்பதை 2022-இல் நிறுவனமே ஒப்புக்கொண்டு பயாஸ் வழியாகத் திருத்தியது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரக டெஸ்க்டாப் சிபியுக்கள் அதிக வோல்டேஜால் நிலைகுலைவதற்கு 2024 ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோடு (சிபியுவின் உள்கட்டளைகள்) திருத்தங்கள் வந்தன, உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே சேதமான சிபியுவை எந்தப் பயாஸும் குணப்படுத்தாது. அதற்கு உத்தரவாதம்தான் வழி.

ஆனால் பயாஸ் எழுதும் நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டு வெறும் பலகையாகிவிடும். யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். மின்சாரம் வந்து அரை மணி கழித்து, மோட்டார்கள் எல்லாம் ஓய்ந்த பிறகு செய்யுங்கள்.

7. ராமைச் சோதித்தல்

மெம்டெஸ்ட்86 யூஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்கி நான்கு சுற்றும் ஓட விடுங்கள். பிழை எண்ணிக்கை சுழியமாக இருக்க வேண்டும். "ஒன்றே ஒன்றுதான் வந்தது" என்று ஒருவர் சமாதானம் சொன்னார். ஒன்று வந்தாலும் தோல்விதான். அந்த ஒரு பிட் எந்தக் கோப்பில் போய் விழும் என்று யாருக்கும் தெரியாது.

நான்கு சுற்று முடிய, ராமின் அளவைப் பொறுத்துப் பல மணி ஆகும். மின்வெட்டு குறுக்கிட்டால் முடிந்த சுற்றுகளை நோட்டில் எழுதி, அடுத்த முறை தொடருங்கள். ஒரு முழுச் சுற்றாவது தடங்கலின்றி முடிய வேண்டும்.

பிழை வந்தால் ராமைத் தூக்கி எறியாதீர்கள். ஒன்றை மட்டும், சிபியுவிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள்; நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில் அதுதான் முதன்மை இடம். பிறகு மற்றதை அதே ஸ்லாட்டில். ஒரு ராமில் மட்டும் பிழை என்றால் அந்த ராம் கெட்டது. இரண்டிலும் பிழை என்றால் ஸ்லாட்டையோ சிபியு பொருத்தத்தையோ பாருங்கள்; கூலரை ஒரு பக்கமாக இறுக்கியதால் சாக்கெட்டில் தொடர்பு சரியாக அமையாமல் போவதும் உண்டு. இரண்டும் தனித்தனியே தேறி, சேர்ந்தால் மட்டும் பிழை என்றால் வேகத்தைக் குறைப்பதே வழி.

8. சூடு

எல்லோரும் முதலில் குற்றம் சாட்டுவது இதைத்தான். என் அனுபவத்தில் சூடு கணினியை மெதுவாக்கும், எல்லை மீறினால் அணைக்கும். நடுவில் ஹேங் ஆக்குவது குறைவு. ஆனாலும் தண்ணீர்த் திருவிழா நெருங்கும் ஏப்ரலில், அறையே 38 பாகையாக இருக்கும்போது சோதிக்காமல் விடக்கூடாது.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் சிபியு வெப்பத்தைப் பாருங்கள். வேலையின்றி இருக்கும்போதே 80-ஐத் தாண்டினால் கூலரைக் கழற்றுங்கள். அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருக்கும், அல்லது மின்விசிறியின் கம்பி செருகப்படாமல் தொங்கும். மதர்போர்டில் நேராகச் செருகும் எம்.2 டிஸ்க்கின் மேல் வரும் உலோக மூடியிலும் இதே போன்ற தாள் உண்டு. அதை மறப்பவர்கள் இன்னும் அதிகம். முழு வேலையில் ரைசன் 7000 வரிசையின் மேல்நிலை சிபியுக்கள் 95 பாகை வரை போவது வடிவமைப்பிலேயே உள்ளது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

9. டிஸ்க்

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் நிலை "குட்" என்று காட்டினால் மட்டும் போதாது. கேபிளில் இணைக்கும் சாட்டா டிஸ்க்கில் சி7 என்ற வரியின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால், கெட்டது டிஸ்க் அல்ல, கேபிள். மாற்றிவிட்டு எண் ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். 05, சி5 வரிகளில் எண்ணிக்கை வளர்ந்துகொண்டே போனால் டிஸ்க்கை நம்பாதீர்கள்.

எம்.2 டிஸ்க் என்றால், மதர்போர்டில் வேறு ஸ்லாட் இருந்தால் அதில் மாற்றிப் போட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். டிஸ்க்கின் ஃபர்ம்வேர் பதிப்பையும் நிறுவனத்தின் தளத்தோடு ஒப்பிடுங்கள்.

10. உபுண்டுவில் ஓட்டிப் பார்த்தல்

டிஸ்க்கைத் தொடாமல் யூஎஸ்பியிலிருந்து உபுண்டுவைத் தொடங்கி, வீடியோ ஓடவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருங்கள். அங்கேயும் நின்றால் பெரும்பாலும் வன்பொருள்தான். நிற்கவில்லை என்றால் விண்டோஸ், டிரைவர், அல்லது டிஸ்க்.

இப்போதுதான் விண்டோஸைப் புதிதாக நிறுவலாம். முதலில் மதர்போர்டு நிறுவனத்தின் சிப்செட் டிரைவர், பிறகு கிராபிக்ஸ் டிரைவர். விளக்குகளின் நிறம் மாற்றும் மென்பொருள்களையும் இரண்டாவது ஆன்டிவைரஸையும் போடாதீர்கள். ஒரு நாள் தூய்மையாக ஓடட்டும். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

11. விளையாட்டில் மட்டும், அல்லது சும்மா இருக்கும்போது மட்டும்

பளு ஏறினால் மட்டும் நிற்கிறது என்றால் சிபியுவுக்கும் கிராபிக்ஸுக்கும் தனித்தனியே ஓசிசிடி என்ற மென்பொருளில் சோதனை கொடுங்கள். தனித்தனியே தேறி, இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் விழுகிறது என்றால் பவர் சப்ளை திணறுகிறது. கிராபிக்ஸ் கார்டை ரைசர் என்ற நீட்டிப்புக் கேபிளில் நிறுத்தி வைத்திருந்தால், அதை நீக்கி நேராகச் செருகிப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக, பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு வந்தால் நின்றிருக்கிறது என்பதும் உண்டு. பழைய ரைசன் கணினிகளில், சிபியு ஆழ்ந்து உறங்கும்போது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைந்து, சில பவர் சப்ளைகள் தடுமாறின. பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்ற வரியை டிபிக்கல் கரன்ட் ஐடில் என்று மாற்றினால் தீரும். விண்டோஸின் பவர் அமைப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் மின்சேமிப்பை அணைப்பதையும் முயன்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்.

12. கடைக்குக் கொண்டுபோகும்போது

இவ்வளவுக்குப் பிறகும் நின்றால், தெரிந்தவரின் நல்ல கணினியிலிருந்து முதலில் பவர் சப்ளையை, பிறகு கிராபிக்ஸ் கார்டை இரவல் வாங்கி மாற்றிப் பாருங்கள். சிபியுவும் மதர்போர்டும் கடைசி. கழற்றுவதில் முள் வளைந்தால் உத்தரவாதம் போய்விடும்.

கடையில் "ஹேங் ஆகிறது" என்று மட்டும் சொன்னால் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டி, நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கே அப்படி இரண்டு முறை நேர்ந்திருக்கிறது. மெம்டெஸ்ட்டின் சிவப்பு வரி தெரியும் புகைப்படம், வியா-லாகர் பதிவின் படம், நோட்டுப் புத்தகம், ரசீது ஆகிய நான்கையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். பாகத்தின் வரிசை எண்ணை, ஒப்படைக்கும் முன்பே கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். திரும்பி வருவது அதே பாகமா, மாற்றிய பாகமா என்று அதை வைத்துத்தான் கேட்க முடியும்.